அடிவாரத்தில் நிற்கும் ஆம்புலன்ஸ்: மலைச்சாலைக்கு ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து மலைக்கிராமங்களுக்கு ஆம்புலன்ஸை எங்கே நிறுத்துவது, துணை சுகாதார நிலையத்தை எந்த ஊரில் கட்டுவது என்ற பேச்சு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் கிளம்புகிறது. தை பிறந்ததும் அடங்கிவிடுகிறது. பேச்சு நடக்கும்போதும் எந்த ஊர்க்காரர் குரல் பெரிதோ அந்தப் பக்கம் முடிவு சாய்கிறது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காகிதமும் பேனாவும் போதும், கிராம சபையில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து போட்டுவிடலாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் மின் வாரியத்தில் கள உதவியாளராகச் சேர்ந்து, கம்பியாளராகி, மின்பாதை ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். கிராமத்து 11 கே.வி. ஃபீடர், அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதை, எப்படிப் போகும் என்று எங்கள் துறைக்காரர்களுக்குத் தெரியும். துணை மின்நிலையத்தில் கிளம்பி, டேப்பிங் டேப்பிங்காகப் பிரிந்து, கடைசி டிரான்ஸ்பார்மரில் போய் நின்றுவிடும். ஓசூர், தர்மபுரி டவுனுக்குள் ஒரு பக்கம் லைன் போனாலும் இன்னொரு பக்கத்து லைனிலிருந்து கரண்டைத் திருப்பி, பேக் ஃபீடிங் கொடுத்துச் சமாளிக்கலாம். மலை ஃபீடரில் அந்த வசதி கிடையாது. கம்பத்தில் இரண்டு கம்பியை இணைக்கும் ஒரு ஜம்பர் அறுந்தால் அதற்கு அப்பால் இருக்கிற அத்தனை வீடும் இருட்டுதான்.

ராத்திரி கோளாறு வந்து ஃபீடர் தானாக நின்று டிரிப் ஆனால் முழு லைனையும் நடந்து பார்க்க மாட்டோம். நடுவில் லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டு, துணை மின்நிலையத்துக்கு போன் போட்டு, கரண்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் சார்ஜ் கேட்போம். டிரிப் ஆகாமல் கரண்டு நிலைத்தால் கோளாறு சுவிட்சுக்கு அப்பால். மறுபடியும் டிரிப் ஆனால் இந்தப் பக்கம். அப்புறம் மிச்சமிருக்கிற பக்கத்தில் அடுத்த சுவிட்ச். இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் கடைசியில் நாலைந்து கம்பத்துக்குள் ஆள் போய் நிற்பார். சுவிட்சை எந்தக் கம்பத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த வேலை ஒரு மணி நேரத்திலும் முடியும், விடியவிடியவும் இழுக்கும். இன்னொன்றும் செய்வோம். ஐப்பசி பிறக்கும் முன்பே சில கம்பங்கள், கம்பியைத் தாங்கும் வி-கிராஸ் ஆர்ம், டிஸ்க், ஒரு சுருள் மின்கம்பி எல்லாவற்றையும் தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவோம். ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டால் லாரி போகாது. ஆள் மட்டும் எப்படியாவது போய்விடலாம். சாமான் அந்தப் பக்கம் இருந்தால் வேலை நடக்கும்.

வேலையில் இருந்தவரை இதை அனுபவம் என்றுதான் நினைத்திருந்தேன். கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. கணிதம் படித்த என் மகள்தான், இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். சுற்றி வர வழியே இல்லாமல் கிளை கிளையாகப் பிரிந்து போகும் வலையைக் கணக்கில் மரம் என்கிறார்கள். எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் நடுவில் ஒரே ஒரு வழிதான் இருக்கும். எங்கள் மலைச்சாலை அப்படியே இதுதான். வண்டியையோ நிலையத்தையோ எங்கே வைப்பது என்பது அந்தத் துறையில் ஒரு கேள்வி. எந்த இணைப்பு அறுந்தால் அதிகச் சேதம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இப்போது இரண்டில் எதையுமே யாரும் போடுவதில்லை.

ஓர் உதாரணம். ஊர்ப் பெயர் போட்டால் வேறு சண்டையில் போய் முடியும், அதனால் எழுத்துகளாகவே வைத்துக்கொள்வோம். எண்களும் உதாரணத்துக்குத்தான். அடிவார ஊர் அ. அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, 120 வீடு. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளோடு 12 கிலோமீட்டர் ஏறினால் மலைமேல் முச்சந்தி ஊர் ஆ, 60 வீடு. ஆ-விலிருந்து மூன்று பக்கம் சாலை பிரிகிறது. ஒரு பக்கம் 3 கிலோமீட்டரில் இ, 40 வீடு. அதற்கும் அப்பால் 2 கிலோமீட்டரில் ஈ, 70 வீடு, அதோடு சாலை முடிந்தது. இன்னொரு பக்கம் 4 கிலோமீட்டரில் உ, 50 வீடு, அங்கேயும் முடிந்தது. மூன்றாவது பக்கம் 5 கிலோமீட்டரில் ஊ, 30 வீடு. அங்கிருந்து 3 கிலோமீட்டரில் எ, 90 வீடு. மொத்தம் 460 வீடு. அதில் மலைமேல் மட்டும் 340.

ஒரே ஒரு வண்டி. எங்கே நிறுத்துவது? எல்லா வீட்டுக்கும் போகும் தூரத்தைக் கூட்டினால் குறைவாக வரும் இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நுனியிலிருந்து மடக்கிக்கொண்டு வர வேண்டும். ஈ-யின் 70 வீடு, மொத்தத்தில் பாதியான 230-ஐ எட்டவில்லை. அதை இ-யோடு சேர்த்தால் 110. அதுவும் பாதி இல்லை, ஆ-வோடு சேர்க்கிறோம். உ-வின் 50 ஆ-வுக்கு வருகிறது. எ-யின் 90 ஊ-வோடு சேர்ந்து 120, அதுவும் ஆ-வுக்கு வருகிறது. இப்போது ஆ-வில் 60-ம் 110-ம் 50-ம் 120-ம் சேர்ந்து 340. பாதியைத் தாண்டிவிட்டது. இடம் ஆ.

இதில் நான் எங்கேயும் கிலோமீட்டரைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். "அப்பா, மரத்துல தூரமே தேவையில்ல, வீட்ட எண்ணினா போதும்" என்று மகள் சொன்னபோது முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம் சொன்னாள். வண்டி அடிவாரத்தில் நிற்கிறது. அதை ஒரு கிலோமீட்டர் மேலே நகர்த்தினால் மலைமேல் இருக்கும் 340 வீட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் குறைகிறது. அடிவாரத்து 120 வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் கூடுகிறது. 220 லாபம். அடுத்த கிலோமீட்டருக்கும் அதே லாபம். ஆ வரும்வரை நகர்த்திக்கொண்டே போகலாம், மலைப்பாதை 12 கிலோமீட்டராக இருந்தாலும் சரி, 25 ஆக இருந்தாலும் சரி. ஆ-வைத் தாண்டி ஊ பக்கம் போனால் 120 வீட்டுக்குக் குறையும், 340 வீட்டுக்குக் கூடும். அதனால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். சந்தேகம் இருப்பவர்கள் கூட்டிப் பார்க்கலாம். வண்டி அ-வில் நின்றால் வீடு ஒவ்வொன்றுக்குமான தூரம் மொத்தம் 5,620 கிலோமீட்டர். ஆ-வில் நின்றால் 2,980.

இந்த மடக்கும் முறையை ஏ. ஜே. கோல்ட்மேன் என்பவர் 1971-ல் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1960-களின் தொடக்கத்திலேயே சீனாவில் கணித அறிஞர் ஹுவா லோகெங், கோதுமை அறுவடைக்குக் களத்தை எந்த இடத்தில் போட்டால் சுமை குறையும் என்ற கேள்விக்கு இதே வழியைச் சொல்லி, கிராமத்து ஆட்கள் மனப்பாடம் செய்யும்படி பாட்டு மாதிரி ஆக்கிக்கொடுத்திருக்கிறார். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். ராகியைத் தார்ச்சாலையில் போட்டு அடிக்கிற நம் மாவட்டத்துக்காரர்களுக்கு களம் எங்கே என்ற கேள்வியின் கனம் தெரியும். படித்தவர் ஒருவர் அதை இறங்கி வந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

சரி, அடுத்தது அறுபடும் கணக்கு. 2024 டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஏரித் தண்ணீர் சாலையில் பாய்ந்து, நிறுத்தியிருந்த வண்டிகளை உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அரூரிலும் 33 சென்டிமீட்டர். அந்த மாதிரி மழையில் மலைப்பாதை ஒரு இடத்தில் சரிந்தால் என்ன ஆகும்?

வண்டி அடிவாரத்தில் நிற்கிறது, மலைப்பாதை சரிகிறது. 340 வீட்டுக்கு வண்டி இல்லை. வண்டி ஆ-வில் நிற்கிறது, ஏதோ ஒரு இணைப்பு அறுகிறது. மிக மோசமாகப் போனாலும் 120 வீடுதான் துண்டிக்கப்படும். மலைப்பாதை போனால் அடிவாரத்து 120. அவர்களுக்கு அங்கேயே சுகாதார நிலையமும் சமவெளிச் சாலையும் இருக்கிறது. ஊ பக்கம் போனால் 120. இ பக்கம் போனால் 110. வேறு எந்த ஊரில் வண்டியை வைத்தாலும் ஒரே ஒரு அறுப்பில் இதைவிட அதிகம் போகும். ஊ-வில் வைத்தால் 340, இ-யில் வைத்தால் 350.

இது தற்செயல் இல்லை. மரத்தில், மொத்தத் தூரம் குறைவாக வரும் இடமும், ஓர் இணைப்பு அறுந்தால் சேதம் குறைவாக இருக்கும் இடமும் ஒன்றேதான். அங்கே நிற்கும்போது எந்த ஒரு கிளை அறுந்தாலும் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகவே போகாது. மரத்துக்கு இப்படியொரு எடை நடு இருப்பதை 1869-லேயே பிரான்ஸ் நாட்டு காமில் ஜோர்டான் காட்டிவிட்டார். சுற்றுச்சாலைகள் உள்ள வலையில் இந்த வசதி கிடையாது. அங்கே பல வண்டிகளை எங்கெங்கே நிறுத்துவது என்ற கணக்கு கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும் என்று 1979-ல் காரிவ், ஹக்கிமி என்ற இருவர் நிறுவியிருக்கிறார்கள். மரமாக இருந்தால் சுலபம் என்பதையும் அவர்களே காட்டினார்கள். மாற்றுவழி இல்லாத மலைக்காரனுக்குக் கிடைத்திருக்கிற ஒரே சலுகை, அவன் கணக்கு சுலபமானது என்பது. அந்தச் சலுகையைக்கூட நாம் பயன்படுத்தாமல் இருக்கிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "கடைசி ஊருக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம்" என்று மட்டும் பார்த்து இடம் தேடுகிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கும் சுலபமான வழி இருக்கிறது. ஏதாவது ஒரு ஊரிலிருந்து மிகத் தொலைவான ஊரைப் பிடியுங்கள். அங்கிருந்து மிகத் தொலைவான ஊரைப் பிடியுங்கள். இரண்டுக்கும் நட்ட நடுதான் விடை. நம் உதாரணத்தில் அ-வுக்கும் எ-க்கும் 20 கிலோமீட்டர், நடு என்பது 10-ஆவது கிலோமீட்டர். போய்ப் பார்த்தால் அது ஆ-வுக்கு 2 கிலோமீட்டர் கீழே, கொண்டை ஊசி வளைவில், வீடே இல்லாத இடத்தில் வருகிறது. அதற்கு மேலே மண் சரிந்தால் 340 வீடும் போச்சு. தூரத்தில் நடுவாக இருப்பது அறுப்பில் நடுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போடுகிறவர்களுக்கு இது இன்னும் மோசமாகப் போகும். பறவைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கிற ஊருக்கு, சாலையில் இறங்கி ஏற இருபது ஆகும்.

அப்புறம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று அரசு விதி இருக்கிறது. சமவெளிக்கு அது 5,000, 30,000. மலைக்குச் சலுகை கொடுத்திருப்பது நல்ல விஷயம். ஆனால் அந்த விதி எத்தனை என்று சொல்கிறது, எங்கே என்று சொல்லவில்லை. எங்கே என்பதை இடம் யார் தானமாகக் கொடுக்கிறார் என்பதே பல நேரம் தீர்மானிக்கிறது.

அறுப்புக் கணக்கின் பிறப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1955-ல் அமெரிக்காவில் ஹாரிஸ், ராஸ் என்ற இருவர், சோவியத் நாட்டிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குப் போகும் ரயில் பாதைகளில் எவற்றைத் துண்டித்தால் மொத்தச் சரக்கும் நிற்கும் என்று ரகசிய அறிக்கை எழுதினார்கள். 1999-ல்தான் அது வெளியே வந்தது. யுத்தத்துக்காகப் போட்ட கணக்கு அது. 2004-ல் சர்ச், ஸ்கப்பாரா, மிடில்டன் ஆகிய மூவர் அதையே திருப்பிப் பிடித்து, எந்த நிலையங்கள் போனால் மக்கள் அதிகம் தவிப்பார்கள், எவற்றை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். நம்மூரில் எதிரி யாரும் கிடையாது. மழைதான். அது பலவீனமான இடத்தைத் தேடி வந்து அடிக்கும். எதிரி திட்டம் போட்டு அடித்தாலும் அங்கேதான் அடிப்பான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். வண்டி ஒன்றுதான். ஆனால் முதலுதவிப் பெட்டி, பாம்புக்கடிக்கு உடனே செய்ய வேண்டியது தெரிந்த ஓர் ஆள், ஸ்ட்ரெச்சர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு பைக், இவற்றைப் பல இடத்தில் வைக்கலாம். எங்கே வைப்பது? கேட்டால் எல்லோரும் கிளையின் நடுவில் வைக்கலாம் என்பார்கள். ஊ-விலும் இ-யிலும் வைத்தால் இரண்டு பக்கமும் பக்கம் என்று தோன்றும். பாருங்கள், ஊ-வில் வைத்து, ஊ-வுக்கும் எ-க்கும் நடுவில் ஓடை உடைத்துக்கொண்டால் எ-யின் 90 வீட்டுக்கு ஒன்றுமில்லை. எ-யில், கடைசி ஊரில் வைத்தால்? ஆ-வுக்கும் ஊ-வுக்கும் நடுவில் அறுந்தால் ஊ-வுக்கு எ-யிலிருந்து வரும். ஊ-வுக்கும் எ-க்கும் நடுவில் அறுந்தால் ஊ-வுக்கு ஆ-விலிருந்து வரும், எ-யில் அங்கேயே இருக்கிறது. யாரும் விடுபடவில்லை.

அதே மாதிரி ஈ, உ. சாலை முடிகிற ஊர் ஒவ்வொன்றிலும் வைத்துவிட்டால், மலையில் எந்த ஓர் இணைப்பு அறுந்தாலும் உதவி இல்லாத துண்டு என்று ஒன்று உருவாகவே முடியாது. ஏனென்றால் மரத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் விழுகிற துண்டில் ஒரு நுனியாவது இருக்கும். புளியமரத்தில் எந்தக் கிளையை வெட்டினாலும் கூடவே கொழுந்து விழுகிற மாதிரி. நம் உதாரணத்தில் நுனி நான்குதான்: அ, ஈ, உ, எ. அ-வில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று பெட்டி, மூன்று ஆள், அவர்களுக்குப் பயிற்சி. செலவு என்று பார்த்தால் ஒரு புதிய கட்டடத்தின் காம்பவுண்டு சுவர் அளவுகூட வராது. கடைசி ஊருக்குக் கடைசியில் கொடுப்போம் என்பது நடைமுறையில் ஊறிப்போயிருக்கிறது. கணக்கு நேர் எதிராகச் சொல்கிறது, அங்கே முதலில் கொடு என்று. தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் கம்பம் இறக்கிய எங்கள் பழக்கமும் இதையேதான் சொன்னது.

ஜேசிபி விஷயமும் அப்படியே. மண் சரிந்தால் அடிவாரத்திலிருந்து ஒன்று வந்து கீழேயிருந்து அள்ளிக்கொண்டு ஏறும். இரண்டு இடத்தில் சரிந்திருந்தால் மேலே இருப்பதைத் தொட அடுத்த நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் ஒரு ஜேசிபியும் ஒரு மரம் அறுக்கும் மெஷினும் ஆ-வில் நிற்க வேண்டும். வாடகைக்கு எடுத்தாலும் சரி.

மறுப்புகள் எனக்குத் தெரியும். மலைமேல் டிரைவர் தங்க அறை இல்லை, டீசல் இல்லை, சிக்னல் இல்லை. உண்மைதான், நானே அந்த மலையில் இரவில் தங்க இடமில்லாமல் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தவன். ஆனால் அறை கட்டலாம், டீசல் இரண்டு கேன் வைக்கலாம். சிக்னல்தான் கஷ்டமான விஷயம், அதை யாரும் சாலையோடு சேர்த்து யோசிப்பதில்லை. எங்கள் பக்கம் 11 கே.வி. லைன் மலைப்பாதையை ஒட்டியேதான் ஏறுகிறது. மண் சரிந்தால் சாலையும் போகும், இரண்டு கம்பமும் சாயும், கரண்டும் போகும். கரண்டு போனால் செல்போன் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். அப்புறம் 108-க்கு எப்படிக் கூப்பிடுவது? சாலை ஒரு மரம், மின்பாதை ஒரு மரம், போன் ஒரு மரம். மூன்றையும் ஒரே இடத்தில் ஒரே கல் அறுத்துவிடுகிறது. டவருக்கு ஜெனரேட்டர் டீசலை மழைக்கு முன்பே மேலே ஏற்றி வைப்பதும், ஆ-வில் ஒரு வயர்லெஸ் செட் வைப்பதும் இந்தத் திட்டத்துக்குள் வர வேண்டும்.

ஆபரேஷன் தேவைப்படுகிறவரை ஆ-வில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பார்கள். அதுவும் சரியான கேள்வி. பெரிய ஆஸ்பத்திரி கீழேதான், அதற்கு மலைப்பாதை இல்லாமல் முடியாது. அதனால்தான் தடுப்புச் சுவருக்கும் வடிகாலுக்கும் பணம் ஒதுக்கும்போது மலைப்பாதை முதலிடத்திலும், ஆ-வுக்கும் ஊ-வுக்கும் நடுவிலுள்ள துண்டு அடுத்த இடத்திலும் வர வேண்டும் என்கிறேன். 340 வீடு, 120 வீடு, 110 வீடு என்ற அந்த வரிசையே வேலை வரிசையும். பிரசவ தேதி நெருங்கிய பெண்களை மழைக்கு முன்பே கீழே கூட்டிவந்து தங்க வைக்கும் காத்திருப்பு அறைகள் பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கின்றன. வண்டியை நகர்த்துவதற்குப் பதில் ஆளை நகர்த்துவது. நல்ல யோசனை, அதைக் கார்த்திகை மாதத்தில் இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம். டோலி கட்டித் தூக்கிவரும் செய்தியைப் படத்தோடு போடுகிறீர்கள். அந்தப் பெண் ஒரு வாரம் முன்பே கீழே இருந்திருக்க முடியுமா என்றும் உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும்.

மரத்தை வளையமாக்குவதுதான் முழுத் தீர்வு என்பதும் தெரியும். எ-யிலிருந்து மலையின் மறுபக்கம் இறங்க ஒரு சாலை போட்டால் மலைப்பாதை, ஆ, ஊ, எ வரை இரண்டு வழி வந்துவிடும். ஆனால் வனத்துறை நிலம், 1980-ம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டம், அனுமதி, இழப்பீட்டு மரக்கன்று என்று அது எத்தனை மழைக்காலம் ஆகுமோ. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் ஏறிப்போன படத்தை ஒவ்வொரு தேர்தலிலும் பார்த்தவர்கள் நாம். சாலை வரும்போது வரட்டும். பெட்டியும் ஆளும் இந்த ஐப்பசிக்கு முன் போய்விடலாம்.

ஒரு கிளைச் செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. பல்லில் கறை, முட்டியில் வலி என்று ஃபுளோரைடு தண்ணீரால் அவதிப்பட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அது வரம். அதன் குழாயும் கிராமத்துப் பக்கம் வந்தால் கிளை கிளையாகத்தான் பிரிகிறது. வால்வை எங்கே வைப்பது, எந்தக் குழாய் உடைந்தால் எத்தனை ஊர் பழைய போர்வெல் தண்ணீருக்குத் திரும்பும், மேல்நிலைத் தொட்டி கடைசி ஊரில் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் இதே கணக்கைப் போடலாம். விவரம் தெரிந்த குடிநீர் வாரியப் பொறியாளர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

கணக்கு போடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ரேஷன் கார்டை எண்ணாதீர்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்ப் பூட்டிக்கிடக்கும் வீடு மலையில் நிறைய. மழைக்காலத்தில் ஊரில் யார் இருக்கிறார்களோ அவர்களை எண்ண வேண்டும். வயதானவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி உள்ள வீட்டுக்கு இரண்டு என்று போட்டாலும் தப்பில்லை, மடக்கும் முறை அப்படியே வேலை செய்யும். எண்ணிக்கை மாறினால் ஆ என்ற விடை இ என்றோ ஊ என்றோ மாறலாம். மாறட்டும். எல்லோர் கண் முன்னால் மாறினால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

அதனால் மலை ஊராட்சித் தலைவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், எங்கள் பக்கத்துக் கல்லூரிக் கணிதத் துறை மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குச் சாலைப் படத்தை ஒரு சார்ட் பேப்பரில் வரைந்துகொண்டு வாருங்கள். ஊருக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் ஆள் கணக்கு, போன மழையில் எங்கெங்கே சரிந்தது என்று சிவப்பு மை. அங்கேயே மடக்கி இடத்தைக் கண்டுபிடித்து, நுனி ஊர்களைப் பட்டியல் போட்டு, தீர்மானமாக எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் பதில் வந்ததா என்று கேட்கலாம், வடகிழக்குப் பருவமழைக்கு அப்போதும் சில நாள் இருக்கும். எந்த ஊராட்சி கூப்பிட்டாலும் நானும் வருகிறேன், மகளுக்கு லீவு கிடைத்தால் அவளும் வருவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பாதை ஆய்வாளர்,
அரூர் வட்டம், தர்மபுரி மாவட்டம்.